காரணம் எழுதும் கோடு

ஆராதனை முடிந்து, ஐயர் கைகுலுக்கி எல்லாரையும் அனுப்பிய பிறகு
வெஸ்ட்ரிக்குள் நாங்கள் இரண்டு பேர்.
பித்தளைத் தட்டுகள் நான்கு, ரப்பர் வளையங்கள்,
விரல் நனைக்க ஒரு பஞ்சு.
பாணந்துறை றெயில் கடற்கரையால் போகும்போதெல்லாம்
அடுக்கி வைத்த ஐந்து ரூபாய்க் குற்றிகள்
மேசையில் அரை விரல் நகரும்.

நான் உறை கிழித்து வாசிப்பேன்,
எட்வின் தம்பையா கொப்பியில் எழுதுவார்.
பெயர். தொகை. காரணம்.
ஸ்தோத்திரக் காணிக்கை உறையில்
காரணத்துக்கென்று அச்சகத்தான் விட்டது ஒரு கோடு,
சுண்டுவிரல் நீளம்.
வெள்ளவத்தைச் சபை அதற்குள் எழுதப் பழகிவிட்டது.

மகனுக்குக் கனடா விசா, ஐயாயிரம்.
சிறுநீரகக் கல் தானாக விழுந்தது, இரண்டாயிரம்.
வெல்லம்பிட்டி வெள்ளம் வாசற்படியோடு நின்றது.
நாற்பதாவது திருமண நாள், ஆயிரம் –
"வருஷத்துக்கு இருபத்தைந்து ரூபாய்!" என்பார் எட்வின்.
கணக்கில் அவர் பிழைவிடுவதில்லை.
வரிசைகளின் வருஷத்தில் ஒருவர் எழுதினார்:
கேஸ் கிடைத்தது. ஐம்பது ரூபாய்.
அந்த உறையை நான் இன்னும் எறியவில்லை.

இந்த ஞாயிறு, பதினேழாவது உறை.
பெயர் இல்லை.
நூறு ரூபாய்த் தாள்கள், ஒவ்வொன்றும் நாலாய் மடித்தது.
எங்கள் வீட்டில் பால்மா டின்னுக்குள்
காசு அப்படித்தான் மடிந்து கிடக்கும்.
எழுத்தைப் பார்க்க முன்னமே
என் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

எண்ணினேன். பதினொன்று.

"பதினொரு நாளுக்கு" என்று இருந்தது கோட்டின் மேல்.
கீழே, எழுத இடமில்லாத இடத்தில்,
"மிச்சத்துக்கு இன்னும் இல்லை."

காசல் வீதி ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள்
பதினொரு நாள் இருந்தாள்.
நான் கிராம் எண்ணினேன், மில்லிலீட்டர் எண்ணினேன்,
வாட்டுக்கும் மருந்தகத்துக்கும் இடையில் படிகளைக்கூட எண்ணினேன்.
வயலட் நாட்களை எண்ணியிருக்கிறாள்.
ஆறாம் நாள் என் சுண்டுவிரலைப் பிடித்தாள் பிள்ளை,
தாதி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை.

கொடுத்தவர்தானே எடுத்தார் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு
தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் வயலட்.
ஒருவரோடும் வாதாடவில்லை.
பதினான்கு மாதம் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து
வாய் திறக்காமல் என் பக்கத்தில் நின்றாள்.
நான் உரத்துப் பாடினேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.
பாடியதில் ஒரு வரியும் என்னுடையதில்லை.

"காரணம்?" பேனையைத் தூக்கிப் பிடித்தபடி எட்வின்.
"பதினொரு நாளுக்கு."
"என்ன பதினொரு நாள்? உபவாசமா, ஊர்ப் பயணமா?"
"எழுதுங்கோ."
எழுதினார்.

கீழ்வரியை நான் வாசிக்கவில்லை.
அதை நீரே வாசியும், ஆண்டவரே.
கடன் என்று எடுத்தாலும் சரி, வழக்கு என்று எடுத்தாலும் சரி.
உமக்கு இவ்வளவு நேராக ஒருவர் எழுதி
இந்த மேசையில் நான் கண்டதில்லை.

முடிவில் எட்வின் ஜெபித்தார்.
தந்ததுக்கும் தராததுக்கும் நன்றி என்றார், வழக்கம்போல.
என் ஆமென்
ஒரு றெயில் கடந்து போன பிறகுதான் வந்தது.

வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்,
"இண்டைக்கு எவ்வளவு?"
தொகையைச் சொன்னேன், சதம் பிசகாமல்.
துருவும் சத்தம் நின்றது.
பிறகு தொடர்ந்தது.

சட்டைப் பையில் ஒரு வெற்று உறை கொண்டுவந்திருந்தேன்.
அவள் தூங்கிய பிறகு குசினி வெளிச்சத்தில் உட்கார்ந்து
"ஆறாம் நாளுக்கு" என்று எழுதினேன்.
கோட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.